ஆத்தங்கரையில் கூடாரமா? முதல்ல மேல பாருங்க

லீவு விட்ட மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல்ஸ் வந்துவிடும். பச்சை மலை, நடுவில் ஆறு, தண்ணீரைத் தொடும் தூரத்தில் மஞ்சள் விளக்கு எரியும் நாலைந்து கூடாரங்கள். கீழே ஒரு போன் நம்பர். "ஒரு ஆளுக்கு இவ்வளவு, சாப்பாடும் கேம்ப் ஃபயரும் சேர்த்து" என்று ஒரு வரி. பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு அப்போதே ஜிபே பண்ணிவிடுகிறோம்.

நானும் அப்படிப் பண்ணினவன்தான். போன வருஷம் ஆகஸ்ட் மாதம், அக்கா குடும்பமும் எங்கள் குடும்பமும் மேட்டுப்பாளையத்துக்கு மேலே பவானிக் கரையில் ஒரு தனியார் இடத்தில் கூடாரம் புக் பண்ணினோம். படத்தில் இருந்தது போலவே இடம் அருமை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆறு முழங்கால் அளவுக்குக்கூட ஓடவில்லை. பசங்க கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, குழந்தைகளை வெச்சுட்டு இங்கியேவா படுக்கப் போறீங்க? மேல மழைங்க. ராத்திரிக்கு தண்ணி வந்துருமுங்க" என்றார். இடத்தைப் பார்த்துக்கொண்ட பையன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றான். மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இருட்டும் முன்பே கூடாரங்களைப் பிடுங்கி மேட்டில் இருந்த தென்னந்தோப்புக்கு மாற்றினோம். காலையில் போய்ப் பார்த்தால் முதலில் கூடாரம் போட்டிருந்த இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்காமல் விட்ட அடுப்பும் இரண்டு நாற்காலியும் போன இடம் தெரியவில்லை.

அந்த ராத்திரி நாங்கள் இருந்த இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. அந்தப் பெரியவருக்குத் தெரிந்த விஷயத்தைக் கையில் போன் வைத்திருக்கும் நாம் எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குப் பவானிப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்கிறேன். மலையிலிருந்து இறங்கும் வேறு எந்த ஆற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

பவானி நீலகிரியின் மேல்பகுதியில் பிறக்கிறது. கேரளத்தின் சைலன்ட் வேலி, அட்டப்பாடி பக்கம் சுற்றிவிட்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூர் அணைக்கு இந்தத் தண்ணீரும் வருகிறது, நீலகிரியின் குந்தா பக்கத்துத் தண்ணீரும் வருகிறது. அதற்குக் கீழேதான் மேட்டுப்பாளையம், பிறகு பவானிசாகர்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிப்பது மலையின் மேற்கு முகத்தில். மேட்டுப்பாளையம் மழை மறைவுப் பக்கம். அதனால் கீழே வெயில் காயும்போதே மேலே கொட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கொட்டும் என்று கேட்டால், 2019 ஆகஸ்ட் மாதம் குந்தா பகுதியில் உள்ள அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. கோவை நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அந்தத் தண்ணீர் முழுக்க இறங்கி வரும் வழியில்தான் நாம் கூடாரம் போடுகிறோம்.

இன்னொரு விஷயம், மழையே இல்லாவிட்டாலும் ஆறு ஏறும். பில்லூர் மின் உற்பத்திக்கான அணை. மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் டர்பைன் ஓடும், அதன் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். தேவை குறைந்தால் ஆறும் குறையும். காலையில் நடந்து கடந்த இடத்தை மத்தியானம் கடக்க முடியாமல் போவது இதனால்தான். பவானியில் குளிக்கப் போய் நடுவில் பாறையில் மாட்டிக்கொண்டவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறதே, அதில் பல பேர் நீச்சல் தெரிந்தவர்கள். தண்ணீர் ஏறும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

பில்லூர் அணையின் மொத்த உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை கொடுப்பார்கள். மழைக்காலத்தில் செய்தியில் "பில்லூர் 95 அடி" என்று பார்த்தீர்கள் என்றால் அன்றைக்குக் கீழே ஆற்றோரம் தங்குவதை மறந்துவிடுங்கள். "விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்று செய்தியில் சொல்வதையும் நம்மில் பலர் ஒரு எண்ணாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 10,000 கன அடி என்பது ஒவ்வொரு விநாடியும் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி 23 வண்டி, ஒரு விநாடிக்குள் உங்களைத் தாண்டிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பெய்து கீழே அடிக்கும் கதை பவானியோடு முடிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அதே வருஷம் ஜூலை 30 விடியும் முன்பு வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவில் ஆற்றோரமாக இருந்த ஊரே போனது. அங்கே அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் பல கிலோமீட்டர் கீழே, சாலியாற்றில் நிலம்பூர் பக்கம் கிடைத்தன.

போனில் என்ன பார்க்கணும்?

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, போகும் ஊரின் வானிலையை மட்டும் பார்ப்பது. மேட்டுப்பாளையம் என்று தட்டினால் சூரியன் படம்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. நீலகிரி மாவட்டத்தைப் பாருங்கள். அட்டப்பாடி இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், அதையும் பாருங்கள். உங்கள் ஆறு எதுவோ, அது பிறக்கும் மாவட்டத்தின் எச்சரிக்கைதான் உங்களுக்கான எச்சரிக்கை.

இதற்குத் தமிழ்நாடு பேரிடர் மேலாண்மையின் டிஎன்-அலர்ட் செயலி கைகொடுக்கும். வரும் நாட்களின் முன்னறிவிப்பு, பெய்த மழை அளவு, அணைகளின் நீர்மட்டம் எல்லாம் அதில் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் செயலியில் மாவட்ட வாரியாக நிறம் போட்டிருப்பார்கள். மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவருக்கு மஞ்சள் பெரிய விஷயம் இல்லை. ஆற்றோரக் கூடாரத்தில் இருப்பவருக்கு அப்படி இல்லை. வானிலை மையக் கணக்கில் "கனமழை" என்றாலே 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கிறது, மலையில் அது சின்ன மழை கிடையாது. என்னைக் கேட்டால், மேல் மாவட்டத்துக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவேன். அட்வான்ஸ் போனால் போகட்டும்.

இடி மின்னலுக்குத் தாமினி என்று தனிச் செயலி இருக்கிறது. உங்களைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் சொல்லும். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு ரொம்ப உபயோகம்.

ஆனால் இதையெல்லாம் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். காரமடை தாண்டி, வெள்ளியங்காடு தாண்டி மலைக்குள் போனால் பல இடத்தில் சிக்னல் கிடையாது. எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்தாலும் உங்கள் போனுக்கு வராது. அதனால் இடத்தைப் புக் பண்ணும்போதே "எந்த கம்பெனி சிம் அங்க எடுக்கும்?" என்று கேளுங்கள். எதுவுமே எடுக்காது என்றால், "மழை எச்சரிக்கை வந்தா உங்களுக்கு யார் தகவல் சொல்லுவாங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் குழந்தைகளோடு தங்காதீர்கள்.

இடம் யாருடையது?

எனக்குக் கடைசியாகத் தோன்றின கேள்வி இது. முதலில் தோன்றியிருக்க வேண்டியது. ஆற்றை ஒட்டி ஒரு பொட்டல் கிடக்கிறது என்றால் அது பெரும்பாலும் யாருக்கும் பட்டா ஆகாத இடமாக இருக்கும். ஆறு மழைக்காலத்தில் எடுத்துக்கொள்ளும் இடம் என்பதால்தான் அது பொட்டலாகவே கிடக்கிறது.

இதை வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். இடத்தின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் இணையதளத்தில் நில வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தைத் தொட்டால் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் வரும். அந்தப் புல எண்ணை வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் போட்டு அ-பதிவேட்டைப் பாருங்கள். அது பட்டா நிலமா புறம்போக்கா என்று தெரிந்துவிடும். இதற்குக் காசு கிடையாது. வண்டியில் ஏறிய பிறகு பார்ப்பதைவிட முந்தின நாள் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்ப்பது நல்லது. ஆறு, ஓடை என்று பதிவான நிலத்தில் கூடாரம் போட்டு வாடகை வாங்குகிறவர் நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் பொறுப்பு ஏற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கூடவே கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களையும் தள்ளித் தள்ளிப் பாருங்கள். இப்போது மணல் திட்டாகத் தெரிவது வேறு ஒரு வருஷத்துப் படத்தில் தண்ணீராக இருக்கலாம்.

அடுத்தது உரிமம். தமிழ்நாட்டில் கூடார முகாம் நடத்துகிறவர்கள், சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் எல்லோரும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் நேர்மையாக நடத்துகிறவர் அனுப்பிவிடுவார். சாப்பாடு போடுகிறவர்களிடம் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், அது 14 இலக்கம். "அதெல்லாம் இருக்கு சார், வாங்க பாத்துக்கலாம்" என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

காப்புக்காடு என்றால் பேச்சே இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "லோக்கல் ஆள் கூட்டிட்டுப் போறார்" என்பது அனுமதி ஆகாது. மாட்டினால் அபராதம் கட்டுவது நீங்கள்தான்.

பவானிப் பள்ளத்தாக்கைப் பார்த்தே ஆக வேண்டும், ரிஸ்க்கும் வேண்டாம் என்பவர்களுக்கு வனத்துறையே நடத்தும் பரளிக்காடு சூழல் சுற்றுலா இருக்கிறது. பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் சவாரி, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்கள் சமைத்துப் போடும் மதியச் சாப்பாடு, பிறகு வழிகாட்டியோடு ஆற்றுக் குளியல். பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும், முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். இரவு தங்க ஆசைப்பட்டால் பக்கத்தில் பூச்சமரத்தூரில் ஆற்றைப் பார்த்த மாதிரி வனத்துறையின் தங்கும் இடங்கள் இருக்கின்றன. கூடாரத்தில் படுக்கும் சுகம் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்று சொல்ல அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருத்தர் கூடவே இருப்பார். எங்களுக்கு அந்த மாடு மேய்க்கும் பெரியவர் தற்செயலாக வந்தார், எல்லோருக்கும் அப்படி வரமாட்டார்.

போய் இறங்கினதும்

பையை இறக்கும் முன்பு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஆற்றோர மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த சருகு, கிழிந்த துணி, நெகிழிப் பை எல்லாம் கொத்தாகச் சிக்கித் தொங்குகிறதா? அந்த உயரம் வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது. உங்கள் கூடாரத்தின் தரை அதற்கு மேலே இருக்க வேண்டும். காலுக்குக் கீழே கூழாங்கல்லும் சலித்த மணலுமாக இருந்தால் அது கரை இல்லை, ஆற்றுப் படுகை. ஆற்றின் நடுவில் இருக்கும் திட்டு, ஓடை வந்து ஆற்றில் சேரும் முனை, இந்த இரண்டு இடமும் போட்டோவுக்கு அழகாக இருக்கும். அங்கே தங்கவே கூடாது.

மேட்டுக்கு ஏறும் வழி எது என்று வெளிச்சத்திலேயே நடந்து பார்த்துவிடுங்கள். அந்த வழி ஆற்றையோ ஓடையையோ கடக்கக் கூடாது. வரும்போது தரைப்பாலத்தைத் தாண்டி வந்திருந்தால், தண்ணீர் ஏறினதும் முதலில் மூழ்குவது அந்தப் பாலம்தான். காரை அந்தப் பக்கம் மேட்டிலேயே விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி இருந்தால் காரையே தள்ளிக்கொண்டு போகும்.

இருட்டுவதற்குள் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தாலோ, தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஆற்றுச் சத்தம் மாறினாலோ சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

அடுத்தது யானை. இது யானைகளின் நாடு, அவைகளும் தண்ணீர் குடிக்க ஆற்றுக்குத்தான் வர வேண்டும். கரையில் அகலமாக மிதிபட்ட தடமும் சாணமும் இருந்தால் அது யானைப் பாதை, அதில் கூடாரம் போடாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். சுற்றிலும் சோலார் வேலியோ அகழியோ இருக்கிறதா, ராத்திரி முழுக்க முழித்திருக்கும் காவலாள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே, வேலிக்கு உள்ளே இருக்க வேண்டும். பழம், உப்பு, மிச்சச் சாப்பாடு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பலாப்பழ சீசனில் பலா மரத்தடி நிழலைத் தேடிப் போகவே வேண்டாம்.

கேம்ப் ஃபயர் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பிப்ரவரிக்குப் பிறகு மலையில் புல் காய்ந்து பஞ்சு மாதிரி இருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டோம். விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக மூட்டச் சொல்லாதீர்கள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. தென்மேற்கு மழை செப்டம்பரில் ஓய்ந்ததும் நிம்மதி என்று நினைக்காதீர்கள், கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் கல்லாறு பக்கம் வெளுத்து வாங்குவது அக்டோபர், நவம்பரின் வடகிழக்கு மழைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்குள் வண்டியில் ஏறுவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். ஆன்லைனில் பதிவு பண்ணினால் கியூஆர் கோடோடு போனுக்கு வந்துவிடும், சிக்னல் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன் நம்பர்களையும் இப்போதே சேமித்துவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108. காவல் உதவி செயலியில் சிவப்பு பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும், ஆனால் அதற்கும் சிக்னல் வேண்டும். எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று லொகேஷனோடு வீட்டில் ஒருத்தருக்கு அனுப்பிவிட்டு மலை ஏறுங்கள்.

ஆற்றுப் படுகையிலோ காப்புக்காட்டிலோ கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்று தெரிந்தால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்குச் சொல்லலாம். "மேட்டுப்பாளையம் பக்கம் ஆத்துல ஒரு கேம்ப்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கிராமத்தின் பெயர், புல எண், பார்த்த தேதி, லொகேஷனோடு எடுத்த போட்டோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடிக்கும் முன்பு மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மனு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று பிறகு அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.